5 வயது மகளுடன் மைன்கிராஃப்ட் விளையாடலாமா?

கேள்வி: பிளாக் எனப்படும் கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் வீடியோ கேமான மைன்கிராஃப்டை நான் விளையாடும்போது என் 5 வயது மகள் மடியில் வந்து உட்கார்ந்து, தானும் ஆட வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். கண்ட்ரோலரைக் கொடுத்தால் சிறிது நேரத்திலேயே திணறி அழுகிறாள். போன வாரம் அவள் கட்டிய வீட்டை, விளையாட்டில் வரும் க்ரீப்பர் என்ற பூதம் வெடித்துத் தகர்த்தது. அன்று முதல் இரவில் பயந்து எழுகிறாள். விளையாட்டை அடியோடு நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டியதில்லை, அவளுக்கு நீங்கள் கொடுக்கும் பங்கை மாற்றினால் போதும். இடது கட்டைவிரலால் நடந்து, வலது கட்டைவிரலால் பார்வையைத் திருப்பி, எந்தப் பொத்தான் எதற்கு என்பதையும் நினைவில் வைத்திருப்பது இந்த வயதுக்குப் பெரும் சுமை. பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திச் செயல்படுவதும், ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்வதும் மூளையின் முன்பகுதி முதிர முதிரத்தான் கைவரும். அந்த முதிர்ச்சி 20 வயதைத் தாண்டியும் தொடர்கிறது. எனவே அவள் அழுகையைப் பிடிவாதம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

நடப்பதையும் திரும்புவதையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாக்கைத் தேர்ந்தெடுத்து வைப்பதை மட்டும் அவளிடம் விடுங்கள். "கூரைக்கு எந்த நிறம் வேண்டும்?" என்று கேட்டு, பதில் வரும் வரை காத்திருங்கள். தரைக்குக் கண்ணாடி போடச் சொன்னால், திருத்தாமல் அப்படியே போடுங்கள். அவள் யோசித்துப் பேசும் அந்தச் சில நிமிடங்களைத்தான் இந்த விளையாட்டின் உண்மையான பயனாக நான் கருதுகிறேன்.

நிஜத்துக்கும் கற்பனைக்கும் உள்ள எல்லை இந்த வயதில் இன்னும் உறுதிப்படாததால், அவளுடைய பயம் இயல்பானதே. வீடியோ கேம்களுக்கு வயது குறிக்கும் ஐரோப்பாவின் பெகி தரநிலை இந்த விளையாட்டை 7 வயதிலிருந்துதான் பரிந்துரைக்கிறது. ஆகவே அவளுடன் ஆடும்போது விருப்பம்போல் கட்ட உதவும் கிரியேட்டிவ் முறையையும், பூதங்கள் தாக்காத பீஸ்ஃபுல் நிலையையும் தேர்ந்தெடுங்கள், க்ரீப்பர்கள் வரமாட்டா. இணையத்தில் பிறருடன் ஆடும் வசதியை அணைத்துவிடுங்கள். பயத்தைக் கேலி செய்யாமல், பகல் வெளிச்சத்தில் இடிந்த வீட்டை இருவரும் சேர்ந்து மீண்டும் கட்டுங்கள்.

2 முதல் 5 வயது வரை, தொலைக்காட்சி, கைபேசி உட்பட எல்லாத் திரைகளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். அதில் இதற்கு 20 நிமிடம் தாராளம். குழந்தைக்கு நிமிடக் கணக்கு புரியாது என்பதால், "இந்தச் சுவர் முடிந்ததும் எழுந்துவிடுவோம்" என்று முன்பே சொல்லிவையுங்கள். தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் திரையே வேண்டாம். இவ்வளவு செய்தும் இரவுப் பயம் சில வாரங்களுக்கு நீடித்தாலோ, பகலிலும் தனியாக இருக்க அஞ்சினாலோ, குழந்தைநல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.