மக்காச்சோளம் நெருங்கிப்போனால் யூரியா என்ன செய்யும்?

கேள்வி: ஒரு ஏக்கர் இறவையில் (நீர் பாய்ச்சும் நிலத்தில்) வீரிய ஒட்டு மக்காச்சோளம் போட்டேன். கதிர் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று 45-க்கு 20 செ.மீ. இடைவெளியில் நெருக்கி ஊன்றினேன். அடியுரமாக ஒரு மூட்டை டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்). 30 நாளுக்குள் இரண்டு தடவையாக 5 மூட்டை யூரியா. செடி கருகருவென்று வளர்ந்தது, ஆனால் கதிர் சிறுத்துவிட்டது, பல தட்டையில் கதிரே இல்லை. அடுத்த போகத்துக்கு 6 மூட்டை போடலாமா?
- பெரம்பலூர் மாவட்ட விவசாயி

பதில்: வேண்டாம். உங்கள் வயலுக்குப் போட்ட தழைச்சத்தின் (நைட்ரஜன்) அளவு குறையவில்லை. வீரிய ஒட்டு இறவைப் பயிருக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 100 கிலோ. நீங்கள் போட்ட யூரியாவிலேயே அவ்வளவும் இருக்கிறது.

இடைவெளியில்தான் தப்பு. 60-க்கு 25 செ.மீ. என்றால் ஏக்கருக்கு சுமார் 27,000 செடி நிற்கும். உங்கள் கணக்கில் 45,000! நெல் மாதிரி தூர் கட்டி ஈடுகொடுக்கிற பயிர் இல்லை இது. ஒரு தட்டைக்கு ஒரு கதிர்தான் நம்பிக்கை. நெருக்கத்தில் ஒன்றுக்கொன்று வெயிலை மறைத்து, தட்டை மெலிந்து உயரும். ஆண் பூ வழக்கம்போல வந்துவிடும், கதிரின் பட்டு நூல் மட்டும் பிந்தும். நூல் வெளியே வருவதற்குள் மகரந்தம் கொட்டித் தீர்ந்தால் கதிரில் மணி ஏது? அந்த இடத்தில் யூரியா தழையைத்தான் கூட்டும், தட்டையும் காற்றுக்குச் சாயும்.

இன்னொன்று, உரம் போட்ட நேரம். எட்டாம் இலையிலிருந்து ஆண் பூ வரும் வரைதான் மக்காச்சோளம் தழைச்சத்தை வேகமாக இழுக்கும். 30 நாளுக்குள் எல்லாவற்றையும் கொட்டினால், பசி எடுக்கிற நேரத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போயிருக்கும். பூக்கும் சமயத்தில் அடியிலையைப் பார்த்தீர்களா? நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக 'V' வடிவில் மஞ்சள் இறங்கியிருந்தால் அது தழைச்சத்துப் பசி.

சரி, அடுத்த போகத்துக்கு: பாருக்குப் பார் (செடி வரிசை மேட்டுக்கு மேடு) 2 அடி, செடிக்குச் செடி ஒரு சாணுக்குச் சற்றுக் கூட. அடியுரம் டிஏபி 65 கிலோ, பொட்டாஷ் ஒரு மூட்டை, யூரியா 30 கிலோ. 25-ம் நாள் யூரியா இரண்டரை மூட்டை, 45-ம் நாள் ஒன்றேகால் மூட்டை. மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அளவையே பிடித்துக்கொள்ளுங்கள். மேலுரத்தை ஈரத்தில் செடியோரம் வைத்து உடனே மண் அணையுங்கள். மேலாக வீசினால் அம்மோனியாவாகக் காற்றில் போகும்.

அப்புறம், 25-ம் நாள் மூட்டையைப் பிரிக்கும் முன் ஒரு பாரில் 22 அடி நீளம் அளந்து செடிகளை எண்ணுங்கள். 27-க்குப் பக்கமாக வந்தால் நல்லது. 20-க்குக் கீழே போயிருந்தால் யூரியாவையும் அதற்கேற்பக் குறைத்துவிடுங்கள்.