சூப்பர்வைசர் தரும் பெயரில்லாத மாத்திரை

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லராக இருக்கிறேன். வயது 22. பீரியட்ஸ் வந்தால் முதல் இரண்டு நாளும் அடிவயிறும் இடுப்பும் பிடித்து இழுக்கும். சூப்பர்வைசர் அக்கா ஒரு வெள்ளை மாத்திரை தருவார், அடங்கிவிடும். உடற்பயிற்சி செய்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறாள் தோழி. கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்வது?

பிசியோதெரபிஸ்ட் பதில்: நடப்பதாலும் உடம்பை வளைத்து நீட்டுவதாலும் கர்ப்பப்பை இறங்காது. அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

மாதவிலக்கின்போது கர்ப்பப்பையின் உள்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழியும். இறுகிய தசைக்கு ரத்தம் குறையும்போது வலிக்கிறது. தொடை வரை இழுப்பதும் குமட்டலும் இதனால்தான்.

தோழி சொல்வதில் பாதி சரி. வலிக்கிற அன்று மட்டும் செய்துவிட்டு, பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மாதம் முழுக்கச் செய்ய வேண்டும். வாரம் மூன்று நாள், 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், வேகநடை போதும். பல ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பில், இந்த அளவு பயிற்சி செய்த பெண்களின் வலி, 100 புள்ளி அளவுகோலில் 25 புள்ளி போலக் குறைந்திருந்தது. ஆதாரம் இன்னும் வலுவாக வேண்டும்தான், ஆனால் செலவில்லாத வழி இது. நாளெல்லாம் மெஷினில் உட்கார்ந்து பெடல் மிதிப்பது இந்தக் கணக்கில் சேராது. மூன்று மாதமாவது விடாமல் செய்து பாருங்கள். வலிக்கிற அன்று அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வையுங்கள். முட்டி போட்டுக் குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து மெதுவாக மூச்சு விடுங்கள்.

இனி அந்த மாத்திரை. தயவுசெய்து வாங்காதீர்கள். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் பேசி, 2019இல் செய்தி வெளியிட்டார்கள். பீரியட்ஸ் வலிக்குப் பெயரே இல்லாத மாத்திரை தந்தார்கள் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். உங்கள் வலிக்காகவா தருகிறார்கள்? லைன் நிற்கக் கூடாது, பீஸ் கணக்கு குறையக் கூடாது, அதற்காகத்தான். வலி மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. டாக்டர் எழுதித் தந்ததை, வலி தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் நன்றாகக் கேட்கும். ஆனால் அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதே வகை மாத்திரை ஆபத்தாகலாம். பீரியட்ஸ் வலிக்கு நம் ஊரில் அதிகம் விற்கும் மெஃபெனாமிக் ஆசிட், அரிதாகக் காய்ச்சலும் தடிப்புமாய் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2023இல் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. அப்படி ஏதாவது வந்தால் டாக்டர் முதலில் கேட்பது, என்ன மாத்திரை போட்டாய் என்றுதான். உங்களிடம் பதில் இருக்காது. அட்டை, பெயர், காலாவதித் தேதி மூன்றும் கண்ணில் படாத மாத்திரை வாய்க்குள் போகக் கூடாது.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்களுக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு, அதன் மருத்துவமனையில் காட்டுங்கள். ஆனால் உடம்பு முடியாமல் லீவு போட்டால் இஎஸ்ஐ தரும் நோய்க்கால உதவித்தொகையைப் பொதுவாக மூன்றாம் நாளிலிருந்துதான் தருகிறார்கள். உங்களுக்கு வலிப்பதே முதல் இரண்டு நாள்! இந்த விதியை எழுதியவர்கள் பெண் தொழிலாளி ஒருத்தியை மனதில் வைத்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்களா?

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பீரியட்ஸ் இல்லாத நாளிலும் வலித்தால், வருடத்துக்கு வருடம் வலி கூடினால், அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலித்தால், இவ்வளவு நாள் இல்லாத வலி புதிதாக வந்தால், மணமானவர்களுக்கு உறவின்போது வலித்தால், இது வேறு. எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது அது. பயிற்சியை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் அது இல்லை என்று ஆகிவிடாது. அப்படி வந்த ரிப்போர்ட்டைக் காட்டி, கல்யாணமானால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிடுகிறார்கள். கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். எந்தெந்தத் தேதியில், எங்கே, எவ்வளவு வலித்தது என்று காலண்டரில் குறித்து, அதை எடுத்துக்கொண்டு மகளிர் நல மருத்துவரிடம் போங்கள்.