பிடிக்காத புத்தகத்த பாதியில விடலாமா, இல்ல முடிச்சே ஆகணுமா?

150 பக்கம் தாண்டிட்டேன், பிடிக்கவே இல்ல, ஆனா பாதியில விட மனசும் வரல, என்ன செய்யன்னு கேட்டிருக்கீங்க. விட்டுருங்க. பதில் அவ்வளவுதான். ஆனா இத சொல்ல எனக்கு தைரியம் வர ஏழு மாசம் ஆச்சு, அதயும் சொல்லிருதேன்.

எனக்கு ஊரு கல்லிடைக்குறிச்சி, வேலை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல. தினமும் செங்கோட்டை பாசஞ்சர்தான். போக முக்கா மணி நேரம், வர முக்கா மணி நேரம், நான் படிக்கிறதுன்னா அந்த நேரத்துலதான், வீட்டுக்கு வந்துட்டா புள்ளைக்கு கணக்கு சொல்லிக்குடுக்கணும், மாடி டேங்க்ல தண்ணி ஏறுச்சான்னு பாக்கணும், அப்புறம் எங்க படிக்க. இப்படி இருக்கையில ஒரு வருசம் பொருநை புத்தகத் திருவிழால எல்லாரும் கையில வெச்சுக்கிட்டு அலைஞ்ச ஒரு தடி நாவல நானும் வாங்கிட்டேன். 680 பக்கம். வெல 750, பத்து பர்சன்ட் தள்ளுபடி போக 675. பேரு சொல்ல மாட்டேன், எழுதுனவரு மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடயாது.

முதல் 60 பக்கம் ஓடுச்சு. அதுக்கப்புறம் வண்டி கல்லிடைல கெளம்பும்போது தொறந்த பக்கம், சேரன்மாதேவி வந்தாலும் அதே பக்கம். ஒரு தாத்தா கல்யாணத்துல ஆரம்பிச்சு அந்தக் குடும்பத்துல யாரு யாருக்கு எத்தன ஏக்கர்னு பத்திரம் எழுதுன மாதிரியே போகுது, பத்திரம் படிக்கத்தான் ஆபீஸ்ல சம்பளம் குடுக்காங்களே, அத ரயில்லயும் எதுக்குப் படிக்கணும்னு தோணுச்சு. ஆனாலும் விடல. இத முடிச்சாத்தான் அடுத்தது தொடணும்னு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வெச்சிருந்தேன். என்ன ஆச்சுன்னா இதயும் படிக்கல வேற எதயும் தொடல, ஏழு மாசம் பைக்குள்ள செங்கல்ல சுமந்த மாதிரி அத சுமந்துக்கிட்டு ரயில்ல உக்காந்து போன்ல ரீல்ஸ் தள்ளிக்கிட்டே வந்தேன். 675 ரூபாய விடுங்க, அந்த ஏழு மாசத்துல நான் சாதாரணமா எட்டு பத்து புக்காவது முடிச்சிருப்பேன், அம்புட்டும் போச்சு.

ஏன் விட முடியலன்னு யோசிச்சா ரெண்டு காரணம் தெரியுது. ஒண்ணு எங்க ஆச்சி. சாப்பிட்டு எந்திரிக்கும்போது இலையில நாலு பருக்க கெடந்தா போதும், "எலே, அத யாரு வந்து பெறக்குவா, ஒங்க தாத்தாவா?"ன்னு கேட்டு திரும்ப உக்கார வெச்சிருவா. அதோட புக்கு மேல கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிற பழக்கம் வேற. சோறும் சரஸ்வதியும் சேந்து மண்டைக்குள்ள உக்காந்துக்கிட்டா பாதியில மூடி வைக்க கை வருமா.

இன்னொண்ணு காசு. 1985ல ஆர்க்ஸ், ப்ளூமர்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க எழுதுன ஒரு சோதனை இருக்கு. அமெரிக்காவுல ஒஹையோ யுனிவர்சிட்டி நாடக அரங்கத்துல சீசன் டிக்கெட் வாங்க வந்தவங்கள்ல சிலருக்கு முழு வெல 15 டாலருக்கே குடுத்தாங்க, சிலருக்கு 2 டாலர் கொறச்சாங்க, சிலருக்கு 7 டாலர் கொறச்சாங்க. நாடகம் எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா முழுக்காசு குடுத்தவங்கதான் சீசன் முதல் பாதியில அதிகமா வந்து உக்காந்திருக்காங்க. குடுத்த காசுக்கு உக்காருதோம். நான் லைப்ரரில எடுத்த புக்க 20 பக்கத்துல திருப்பிக் குடுத்திருக்கேன், ஒரு உறுத்தலும் கெடயாது. இதுல சிரிப்பு என்னன்னா, ஓடாத கடைய பிடிச்சுக்கிட்டு தொங்குற பார்ட்டி யாராவது ஆபீசுக்கு வந்தா "போன காச எண்ணாதீங்க அண்ணாச்சி, இனிமே போகப் போறத எண்ணுங்க"ன்னு நான்தான் எடுத்துச் சொல்லுவேன்.

என் கண்ண தொறந்தது எங்க ஊரு லைப்ரரிகாரரு. அவர்ட்ட போயி இப்படி ஒரு புக்க முடிக்க முடியாம கெடக்கேன்னு பொலம்புனேன். அவரு ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயி அலமாரில இருந்து நல்லா பேரு வாங்குன, பரிசெல்லாம் வாங்குன ஒரு தடி புக்க எடுத்துட்டு வந்து மூடுன வாக்குல மேசையில வெச்சாரு. அட்டய பாக்காதீங்க, வெட்டுப் பக்கத்த பாருங்கன்னாரு. முதுகுக்கு எதிர்ப்பக்கம் தாளெல்லாம் அடுக்கா தெரியும்லா, அதுல முதல் ஒரு விரக்கடை அளவுக்கு கை எண்ணெயும் அழுக்கும் ஏறி கருத்துப் போயிருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் பளிச்சுன்னு பிரஸ்ல இருந்து வந்த மேனிக்கே வெள்ளையா கெடக்கு. கோடு கிழிச்ச மாதிரி. "இதுவரைக்கும்தான் ஊரு போயிருக்கு, நீரு மட்டும் ஏன் அழுதுக்கிட்டு இருக்கேரு"ன்னாரு. அப்புறம் ரெண்டு பேருமா அலமாரி அலமாரியா வெட்டுப் பக்கத்த பாத்துக்கிட்டே போனோம், துப்பறியும் நாவலெல்லாம் கடைசி வரைக்கும் ஒரே கறுப்பு, வாழ்க்க வரலாறுகள்ல பொறந்த ஊரு, பள்ளிக்கூடம் வரைக்கும் கறுப்பு, அதோட சரி.

இதயே 2014ல ஜோர்டான் எல்லன்பெர்க்னு ஒரு கணக்கு புரொபசர், புக்கு படிக்கிற கிண்டில் கருவிய வெச்சு செஞ்சு வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல எழுதுனாரு. ஒரு புக்குல ஜனங்க அதிகமா கோடு போட்ட அஞ்சு எடத்த எடுத்து, அது சராசரியா எத்தனாவது பக்கத்துல வருது, மொத்தப் பக்கத்துல அது எத்தன சதவீதம்னு பாத்தாரு. ஸ்டீபன் ஹாக்கிங்கோட பிரபஞ்சம் பத்துன பிரபலமான புக்குக்கு வந்தது 6.6 சதவீதம். இது விளையாட்டுக் கணக்குதான், விஞ்ஞானம் இல்லன்னு அவரே சொல்லிட்டாரு. இருந்தாலும் வீட்டு ஷோகேஸ்ல அந்த புக்க வெச்சிருக்கவங்கள நெனச்சா எனக்கு கொஞ்சம் ஆறுதல்.

சீர்காழில பொறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் 1931ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதுனாருல்லா, அதுல நாலாவது படிக்கிறவரோட நேரத்த மிச்சப்படுத்துங்கிறது. அவரு சொன்னது தேடுற புக்கு சட்டுனு கைக்கு கெடைக்கணும்ங்கிற அர்த்தத்துல, நான் அத எனக்கு சாதகமா இழுத்துக்கிடுதேன். ரசிகமணி டி.கே.சி.ய பாருங்க, நம்ம திருநெல்வேலி வண்ணார்பேட்டையில வட்டத்தொட்டின்னு இலக்கியக் கூட்டம் வெச்சு கம்பன் பாட்டா சொல்லிச் சொல்லி ரசிச்ச மனுசன். பத்தாயிரத்துக்கு மேல பாட்டு உள்ள காவியத்துல தன் காதுக்கு கம்பன் கொரலா கேட்டத மட்டும் எடுத்துக்கிட்டு பெரும்பகுதிய யாரோ பின்னால சேத்த இடைச்செருகல்னு தள்ளிட்டாரு. பண்டிதங்க அவர திட்டித் தீத்தாங்க, அது வேற சண்டை, அதுல நான் தலையிடல. ஆனா கம்பனையே பொறுக்கிப் படிச்ச ஊருல பொறந்துட்டு 680 பக்க நாவலுக்கு நான் எதுக்கு பயப்படணும்?

இப்ப ஒரு விசயத்துல மட்டும் கொஞ்சம் உசாரா இருக்கணும். அலுப்பு வேற, கஷ்டம் வேற. எங்க ஆபீசுக்கு ஆர்ட்டிகள்ஸ் (சி.ஏ. படிப்புக்கான பயிற்சி) பண்ண கோயம்புத்தூர்ல இருந்து ஒரு புள்ள வந்திச்சு, அதுக்கு நம்ம பக்கத்து பேச்சு வழக்குல எழுதுன ஒரு சின்ன நாவல படிக்கக் குடுத்தேன். மூணாம் நாள் "ஒண்ணுமே புரியலீங்ணா, போர் அடிக்குது"ன்னு மேசையில வெச்சிட்டுப் போயிட்டுது. மத்தியானம் டிபன் பாக்ஸ் தொறந்து உக்காந்திருக்கும்போது அதுல ஒரு பக்கத்த, மாமியாரும் மருமகளும் சண்ட போடுற எடம், சத்தமா எங்க சித்தி பேசுற மாதிரியே வாசிச்சுக் காட்டுனேன். தயிர்சாதம் பொறையேறுற அளவுக்கு சிரிச்சிட்டு புக்க திரும்ப எடுத்துட்டுப் போச்சு, நாலு நாள்ல முடிச்சுட்டு வேற இருக்கான்னு கேக்கு. அதுக்கு காது பழகல, அவ்வளவுதான். கரிசக்காட்டு வார்த்தைக்குன்னே எழுத்தாளர் கி.ரா. தனியா ஒரு அகராதி போட வேண்டி இருந்துச்சுன்னா பாத்துக்கோங்க. அதனால வழக்கு புரியாம, பேரு கொழம்பி, இல்ல பழைய தமிழா இருந்து முட்டுதுன்னா இன்னும் ஒரு 30 பக்கம் சத்தமா படிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ரெண்டயும் எப்படி பிரிக்கன்னா, என் அளவுகோல் ரயிலுதான். கஷ்டமான ஆனா நல்ல புக்குன்னா அஞ்சு பக்கம்தான் நகந்திருக்கும், ஆனா நிமிந்து பாத்தா பேட்டையும் தாண்டி ஜங்ஷன் நெருங்கியிருக்கும். அலுப்பு புக்குன்னா வீரவநல்லூர்ல யாரு ஏறுனா, காருக்குறிச்சில யாரு எறங்குனா, எதிர் சீட்டு மாமா பையில முருங்கக்கா எத்தன, எல்லாம் மனப்பாடம். ரெண்டு நாள் தொடர்ந்து முருங்கக்கா எண்ணுனேன்னா மூடிருவேன். பஸ்ல போறவங்க, வீட்ல படிக்கிறவங்க அவங்கவங்க முருங்கக்காய கண்டுபிடிச்சுக்கோங்க. (ஜிஎஸ்டி புக்கெல்லாம் இதுல சேராது, அது பிடிக்கலன்னாலும் படிச்சுத்தான் ஆகணும், இல்லன்னா சோறு கெடயாது.)

மூடும்போது கடைசி வெள்ளத்தாள்ல பென்சில்ல தேதியும் பக்க நம்பரும், ஏன் விட்டேன்னு ஒரு வரியும் எழுதிருவேன். இப்படி எழுதி வெச்சதுல ரெண்ட பல வருசம் கழிச்சு எடுத்து முடிச்சிருக்கேன், ஒண்ணுல "சும்மா அழுதுக்கிட்டே இருக்கான்"னு எழுதியிருந்தேன், எங்க அப்பா தவறுனதுக்குப் பெறகு எடுத்துப் படிச்சா அந்த அழுக எனக்கு வேண்டியிருந்துச்சு.

அந்த 680 பக்கத்தயும் 212ம் பக்கத்துல மூடி, "ஏக்கர் கணக்கு, முடியல"ன்னு எழுதி பீரோ மேல போட்டேன். எங்க மதினி வீட்டுலயே அப்பளம் போடுவாங்க. ஒரு நாள் மாடியில காயப்போட்டுட்டு காக்கா வெரட்ட உக்காந்திருக்கும்போது கைக்கு ஏதாவது வேணும்னு அத எடுத்துட்டுப் போனாங்க. இப்ப 400 தாண்டிட்டாங்க, பக்க ஓரமெல்லாம் உளுந்து மாவு வெரல் ரேகை. அந்த ஏக்கர் கணக்குதான் அவங்களுக்கு ருசியே, அவங்க பொறந்த வீட்டுலயும் அதே சண்டதானே. நேத்து சாப்பிடும்போது ஆசைப்பட்டு, அந்த மூத்த மருமக கடைசில சொத்த வாங்குனாளா மதினின்னு கேட்டுட்டேன். "நீங்க 212ல நிக்கீங்க தம்பி, நான் ஏன் சொல்லணும்"னுட்டு ரசத்த ஊத்திட்டுப் போயிட்டாங்க.