நாலு ஊசி போட்டும் சினை நிற்காத பசு: டெஸ்ட் டியூப் கன்று இதற்குத் தீர்வா?

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். பெருந்துறைப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். வீட்டில் ஒரே ஒரு ஜெர்சி கலப்பினப் பசு, மூன்றாம் ஈத்து. கன்று போட்ட புதிதில் நேரத்துக்கு 8 லிட்டர் கறந்தது. கன்று போட்டு ஏழு மாதம் ஆகிறது. நாலு தடவை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டாயிற்று, 20, 21 நாளில் மறுபடியும் கத்துகிறது. இந்த ஈத்தில் நஞ்சுக்கொடி மறுநாள்தான் விழுந்தது. எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குப் பல வருடம் கழித்து டெஸ்ட் டியூப் முறையில் குழந்தை பிறந்திருக்கிறது. மாட்டுக்கும் அந்த முறை வந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் பசுவுக்குச் செய்யலாமா? கிடேரியாகவே பிறக்கும் ஊசி இருக்கிறதாமே, அதைப் போடலாமா? இல்லை, மாட்டை விற்றுவிடுவதா?
- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: வணக்கம் அம்மா. விற்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 20, 21 நாளுக்கு ஒருமுறை தவறாமல் பருவத்துக்கு வருகிறது என்றால் முட்டை உண்டாகும் சினைப்பை தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். பருவத்துக்கே வராத மாட்டைவிட இதைச் சரிசெய்வது எளிது. ஆனால் டெஸ்ட் டியூப் முறை உங்கள் பசுவுக்கான வைத்தியம் அல்ல. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே ஆசையில் பணம் கட்டத் தயாராக இருப்பவர்கள் இப்போது நிறையப் பேர்.

மனிதர்களில் இந்த முறை பிள்ளை இல்லாத தம்பதிக்காக வந்தது. கருக்குழாய் அடைத்திருக்கும், அல்லது ஆணுக்கு உயிரணு குறைவாக இருக்கும். பெண்ணின் முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி, பெரும்பாலும் அதே பெண்ணின் கருப்பையில் வைக்கிறார்கள். 1978 ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் இப்படித்தான் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் துர்கா என்ற குழந்தை பிறந்தது. உயிரோடு இருந்தவரை அந்த மனிதருக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது நம் நாட்டுக்குப் பெரிய குறை.

மாட்டில் இந்த முறையின் நோக்கமே வேறு. ஊரிலேயே உயர்ந்த பசு ஒன்று இருக்கிறது, வருடத்துக்கு ஒரு கன்றுதான் போடும். அதன் முட்டைகளை எடுத்துப் பல கருக்களாக்கி, சாதாரணப் பசுக்களின் வயிற்றில் வைத்து, ஒரே வருடத்தில் பல கன்றுகளாகப் பெருக்குவதற்குத்தான் இது. சுமக்கிற பசு வாடகைத் தாய். பிறக்கிற கன்றில் அதன் ரத்தம் கிடையாது. நம் நாட்டில் எருமையில்தான் இது பேர் வாங்கியது. 1990இல் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 'பிரதம்' என்ற எருமைக் கன்று இந்த முறையில் பிறந்தது.

எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? முட்டை கொடுக்கும் பசுவின் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் கருவியை உள்ளே செலுத்தி, திரையில் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியால் சினைப்பையில் உள்ள கொப்புளங்களைக் குத்தி நீரை உறிஞ்சுகிறார்கள். அந்த நீரில் வரும் முட்டைகளை ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரு நாள் முதிரவிட்டு, விந்தணுவோடு சேர்த்து, ஏழு நாள் வளர்க்கிறார்கள். கருவை வாங்கிச் சுமக்கப்போகும் பசுவும் அன்றைக்குப் பருவம் கண்டு ஏழாம் நாளில் இருக்க வேண்டும். எந்தப் பக்கத்துச் சினைப்பையிலிருந்து முட்டை விழுந்ததோ அந்தப் பக்கத்துக் கருப்பைக் கொம்பில்தான், அதாவது கருப்பையின் அந்தப் பக்கக் கிளையில்தான், கருவை வைக்க வேண்டும். நாள் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் தங்கும் வாய்ப்பு குறைந்துவிடும்.

இப்போது உங்கள் பசுவை இதில் எங்கே பொருத்துவீர்கள்? முட்டை கொடுக்கும் பசுவாக வேண்டுமானால், அதற்குச் செலவழிப்பது நியாயம் என்னும் அளவுக்கு மந்தையில் தனித்து நிற்கிற மாடாக இருக்க வேண்டும். நேரத்துக்கு 8 லிட்டர் நல்ல கறவைதான், ஆனால் அந்த வரிசையில் வராது. கருவைச் சுமக்கும் பசுவாக வேண்டுமானால் கருப்பை சுத்தமாக இருக்க வேண்டும். நஞ்சுக்கொடி மறுநாள் விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கருப்பைக்குள் புண்ணோ சீழோ இருந்தால் இயற்கையாக உண்டான கரு தங்காத இடத்தில் ஆய்வகத்தில் உண்டாக்கிய கரு மட்டும் எப்படித் தங்கும்? ஒரு விதிவிலக்கு உண்டு. கடும் வெயிலில் கரு முதல் வாரத்திலேயே கெட்டுப்போகும் மாடுகளில், ஏழு நாள் வெளியே வளர்ந்த கருவை வைத்தால் அந்த ஆபத்தான கட்டம் தாண்டிவிடும். அதுவும் கருப்பை நன்றாக இருந்தால் மட்டுமே.

உங்கள் உறவுக்காரப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். போன முதல் நாளே அவருக்கு டெஸ்ட் டியூப் செய்திருக்க மாட்டார்கள். ரத்தம், ஸ்கேன், குழாய் என்று பார்த்து, முட்டை வெடிக்கும் நாளைக் கணித்து, அப்புறம் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்திப் பார்த்து, அதற்கும் நிற்காதபோதுதான் அங்கே போயிருப்பார்கள். கருப்பைக்குள் விந்தணுவைச் செலுத்துவது வேறொன்றும் இல்லை, நாம் போடும் சினை ஊசிதான். நம் நாட்டில் 1939இலேயே மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் மாட்டுக்குத் தொடங்கிய முறை அது. அந்த மருத்துவமனையிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த வரிசையைத்தான். உங்கள் பசுவுக்கு நாலு ஊசி விழுந்திருக்கிறது. ஒரு பரிசோதனையாவது நடந்ததாக நீங்கள் எழுதவில்லை.

சரி, முதலில் நேரத்தைப் பார்ப்போம். பருவ அறிகுறி 12 முதல் 18 மணி நேரம் இருக்கும். அது அடங்கி 10, 12 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியே வரும். வந்த முட்டை சில மணி நேரமே நல்ல நிலையில் இருக்கும். விந்தணுவுக்கும் உள்ளே போய்த் தயாராகச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி என்று சொல்கிறோம். கத்த ஆரம்பித்த உடனே போட்டாலும் வீண், ஒரு நாள் கழித்துப் போட்டாலும் வீண்.

ஒற்றை மாடு வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு சங்கடம். பருவத்தின் நிச்சயமான அடையாளம், வேறு மாடு மேலே தாவும்போது நகராமல் நிற்பதுதான். உங்கள் தொழுவத்தில் தாவ வேறு மாடே இல்லை. கத்துவதை மட்டும் நம்பினால் நேரம் தவறும். சில மாடு பருவம் தொடங்கும்போது கத்தும், சிலது பாதியில்தான் கத்தும். பல மாடுகளுக்குப் பருவம் ராத்திரியில் ஆரம்பித்து விடிவதற்குள் பாதி முடிந்துவிடுகிறது. போன பருவத்திலிருந்து 18ஆம் நாள் தொடங்கி, இரவு படுக்கப் போகுமுன் ஒரு தடவையும் விடியற்காலை ஒரு தடவையும் டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். வெளி உதடு சிவந்து வீங்கி, வாலில் கண்ணாடி போன்ற கோழை கயிறாகத் தொங்கும். அடிக்கடி சிறுநீர் விடும், பால் குறையும். அந்தக் கோழையை முதலில் பார்த்த மணியைக் காலண்டரில் எழுதுங்கள். ஊசி போட வருபவரிடம் "நேற்றிலிருந்து கத்துது" என்று சொல்லாமல் அந்த மணியைச் சொல்லுங்கள்.

பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாளில் சில மாடுகளுக்கு வாலில் லேசாக ரத்தம் தெரியும். "ரத்தம் போயிடுச்சு, சினை நிற்கல" என்று ஊரில் சொல்வார்கள். அப்படி இல்லை. சினை நின்றதையும் அது காட்டாது, நிற்காததையும் காட்டாது. பருவம் வந்து போனது என்பதற்கு மட்டும் அத்தாட்சி. நீங்கள் ராத்திரியில் பருவத்தைத் தவறவிட்டிருந்தால் இந்த ரத்தத்தைப் பார்த்து அடுத்த பருவம் இன்னும் 19 நாள் வாக்கில் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது கருப்பை. உங்கள் பசுவில் என் சந்தேகம் அதிகமும் இங்கேதான். நஞ்சுக்கொடி கன்று போட்ட 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிட வேண்டும். மறுநாள் வரை உள்ளே நின்றால் கிருமி ஏற வழி உண்டாகிறது. சீழ் வெளியே தெரிந்தால் எல்லாரும் கவனிப்பார்கள். வெளியே தெரியாமல், கோழை பார்க்கச் சுத்தமாக இருந்தும் உள்ளே அழற்சி தங்கியிருப்பதுதான் ஏமாற்றிவிடும். பருவத்துக்கும் வரும், ஊசியும் விழும், கரு மட்டும் தங்காது. அரசு கால்நடை மருத்துவமனை டாக்டரிடம் சொல்லி, அடுத்த பருவத்தன்று கோழையை உள்ளிருந்தே எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தரையில் விழுந்ததை அள்ளிக் கொடுக்காதீர்கள். கோழையோடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் சேர்த்துச் சூடாக்கிப் பார்ப்பார். மஞ்சள் ஏறினால் அழற்சி இருக்கிறது. அப்படி இருந்தால் அந்தப் பருவத்தில் ஊசி வேண்டாம், வைத்தியம் மட்டும். 21 நாள் போகிறதே என்று மனசு கேட்காது, தெரியும். ஏற்கெனவே நாலு பருவம் போயிருக்கிறது அம்மா, ஒன்றை மருந்துக்குக் கொடுங்கள். யாராவது சொன்னார்கள் என்று அயோடினையோ வேறு எதையோ கருப்பைக்குள் ஊற்ற விடாதீர்கள். மருந்து போட்ட பிறகு டாக்டர் சொல்லும் நாள் வரை பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது.

அதே சமயம் கையைவிட்டுப் பார்த்தோ ஸ்கேன் செய்தோ சினைப்பையையும் பார்த்துவிடுவார். இன்னொரு காரணத்துக்காகவும் இந்தப் பரிசோதனை அவசியம். சினையாக இருக்கும் மாடே சில நேரம் பருவ அறிகுறி காட்டும். பார்க்காமல் ஊசிக் குழாயை உள்ளே விட்டால் இருக்கிற கருவும் கலைந்துவிடலாம்.

சில மாட்டுக்கு முட்டை தாமதமாக வெடிக்கும். ஊசி போட்டு 24 மணி நேரம் கழித்தும் கோழை தெளிவாக வழிந்தால் அதே காளையின் விந்தை இரண்டாம் முறை போடலாம். முட்டை வெடிக்கத் தூண்டும் ஹார்மோன் ஊசியையும் டாக்டர் சேர்த்துக் கொடுப்பார்.

ஊசி போடும் விதத்தையும் கூட நின்று பாருங்கள். உங்கள் மாடு, பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. விந்துக் குச்சி, அதாவது உறைந்த விந்து அடைத்த மெல்லிய குழல், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருப்பது. எடுத்தால் 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, துடைத்து, உடனே பயன்படுத்த வேண்டும். உள்ளங்கையில் தேய்ப்பதும் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவருவதும் பாதி உயிரணுவைக் கொன்றுவிடும். காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி வையுங்கள், அதில் காளையின் எண் இருக்கும். ஊசி போட்ட பிறகு மாட்டைப் படுக்க விடாமல் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. நிழலில் கட்டினால் போதும்.

தீவனத்தில் கோ-4 புல்லும் வைக்கோலும் மட்டும் என்றால் வேலிமசால், அகத்தி போன்ற பயறு வகைப் பசுந்தீவனமும் சேருங்கள். தாதுஉப்புக் கலவை தினமும் 50 கிராம், குறைந்தது இரண்டு மூன்று மாதம் விடாமல் கொடுங்கள். முட்டை வளர்ந்து முதிரப் பல வாரம் ஆகும், அதனால் பத்து நாள் கொடுத்து நிறுத்தினால் பலன் தெரியாது.

இனி கிடேரி ஊசி. பெண் கன்றைத் தரும் விந்தணுவில் மரபுப் பொருள் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதல். சாயம் ஏற்றி, லேசர் ஒளியில் அந்த வித்தியாசத்தைப் பார்த்து இயந்திரம் பிரித்தெடுக்கிறது. 100 கன்று பிறந்தால் 90 கிடேரி. உண்மைதான், நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் சாதாரணக் குச்சியில் 2 கோடி உயிரணு என்றால் இதில் 20 லட்சம் அளவே இருக்கும், அதுவும் இயந்திரத்தில் அலைக்கழிந்து வந்தது. எனவே சினை பிடிக்கும் விகிதம் குறைவு. நல்ல வளர்ச்சியுள்ள கிடேரிக்கும், ஒன்றிரண்டு ஊசியிலேயே சினை பிடித்துப் பழகிய பசுவுக்கும் இது பொருந்தும். நாலு முறை தவறிய பசுவுக்கு இப்போது வேண்டாம். இந்தத் தடவை சாதாரண ஊசியில் சினை பிடித்துக் கன்று போடட்டும். அப்புறம் 60 நாள் கழித்து வரும் நல்ல பருவத்தில் அதை யோசிக்கலாம்.

விற்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். கருப்பை சுத்தமாகி, நேரம் பார்த்துப் போட்ட இரண்டு ஊசியும் நிற்கவில்லை என்றால் மறுபடி பரிசோதனை செய்யுங்கள். கருக்குழாய் அடைப்போ சினைப்பை ஒட்டிக்கொண்டதோ இருந்தால் வைத்தியம் பெரிதாகப் பலிக்காது. பால் வற்றும் வரை கறந்துவிட்டு முடிவெடுங்கள். அந்த நிலைக்கு முன்னால் அவசரப்பட்டு விற்றால் சினையில்லாத மாடு என்று அடிமாட்டு விலைதான் கேட்பார்கள். சினை பிடித்தால், கத்தவில்லை என்பதை மட்டும் நம்பி இருக்காமல் 60ஆம் நாள் டாக்டரைக் கூப்பிட்டுச் சினைப் பரிசோதனை செய்து, அந்தத் தேதியையும் அதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.