ஸ்கேன் நார்மல், வலி மட்டும் போகவில்லை

உங்கள் மகள் நடிக்கவில்லை. நீண்ட கடிதம் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கேட்க வந்தது, அவள் வலிப்பதாக நடிக்கிறாளா என்ற இந்த ஒன்றைத்தான் என்று படுகிறது. ஐந்து மாதமாகத் தொப்புளைச் சுற்றி வலி. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அதிகம், ஞாயிற்றுக்கிழமை குறைவு. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல். உடனே வீட்டில், "ஸ்கூலுக்கு மட்டம் போட இது ஒரு சாக்கு" என்கிறார்கள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு உண்மையாகவே வலிக்கும்போது இப்படிச் சொன்னால், அடுத்த முறை வலித்தால் அவள் வாயே திறக்க மாட்டாள்.

குடல் சுவருக்குள் பல கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. மூளைக்கும் அவற்றுக்கும் இடையே இரு பக்கமும் ஓயாமல் செய்தி போய் வருகிறது. பயமும் பதற்றமும் நீடித்தால் குடலின் அசைவு மாறும், நரம்புகளும் கூசத் தொடங்கும். பிறகு கொஞ்சம் வாயு நகர்ந்தாலும், சாப்பாடு இறங்கினாலும் வலியாகவே தெரியும். ஸ்கேனில் உறுப்பின் வடிவம் தெரியும், இந்தக் கூச்சம் தெரியாது. 1958இல் பிரிட்டனில் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோதே ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படித் திரும்பத் திரும்ப வயிற்றுவலி இருந்தது. உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த விசித்திர நோய் இல்லை இது.

அறிக்கையில் 'குடல் பகுதியில் சிறிய நெறிகட்டிகள்' என்று இருந்ததை இணையத்தில் தேடிப் புற்றுநோய் வரை போய்விட்டீர்கள். அவை நிணநீர் முடிச்சுகள்; எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளைகளின் ஸ்கேனிலும் தென்படும். அந்தத் தேடலை இன்றோடு நிறுத்துங்கள். எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இப்போது அவசியமில்லை. மலத்தில் ரத்தம், எடை குறைதல், உயரம் கூடாமல் நின்றுபோதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடாத வாந்தி, காய்ச்சல், வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்வது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. நெஞ்செரிச்சலோ புளியேப்பமோ இல்லாத பிள்ளைக்கு, யாரையும் கேட்காமல் மாதக்கணக்கில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல். வலி கூடினால் வெறும் வயிற்றில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. இல்லாத இரைப்பைப் புண்ணை உண்டாக்க வல்ல மருந்து அது. போதாததற்கு உறவினர் ஒருவர் தமக்கு எழுதித் தந்த தூக்க மாத்திரையில் பாதியை இவளுக்குக் கொடுத்திருக்கிறார்! இனி மருத்துவர் எழுதித் தராத எதையும் கொடுக்காதீர்கள். இதுவரை கொடுத்த எல்லாவற்றையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "நான் இல்லைன்னா உங்க எல்லாருக்கும் நிம்மதி" என்று மகள் போன வாரம் சொன்னதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதிவிட்டு, கோபத்தில் சொல்லியிருப்பாள் என்று நீங்களே முடித்தும் விட்டீர்கள். என்னால் அப்படி விட முடியவில்லை. படம் வரைவதை விட்டுவிட்டாள், தோழி கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை, இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கிறாள், விடுமுறை நாளிலும் அறையை விட்டு வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிப் பயம் மட்டும்தான் என்றால் ஞாயிற்றுக்கிழமை வலி குறையும்போது பழைய உற்சாகமும் கொஞ்சமாவது திரும்பும். இவளுக்கு வலி குறைகிறது, உற்சாகம் திரும்பவில்லை. மனச்சோர்வு இருக்கிறதா என்று இந்த வாரமே மனநல மருத்துவர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

அதற்கு முன், இன்றைக்கே அவளோடு தனியாக உட்காருங்கள். சுற்றி வளைக்காமல், "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதாம்மா?" என்று கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அப்படி நடப்பதில்லை. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், அழுது சத்தியம் வாங்காதீர்கள். முழுக்கச் சொல்ல விடுங்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருந்தாலோ, உடம்பில் தன்னைக் காயப்படுத்திய தழும்பு இருந்தாலோ, அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அதுவரை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். அவள் இல்லை என்று சொன்னாலும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் இன்றே பூட்டி வையுங்கள். உறவினரின் தூக்க மாத்திரையும் அதில் சேரும்.

காலையில் வலி ஏன் கூடுகிறது என்பதற்கும் பதில் அவளிடம்தான் இருக்கிறது. வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா, போனில் யாராவது மிரட்டுகிறார்களா, யாராவது தவறாகத் தொட்டார்களா? வழியில், வகுப்பில், வீட்டில், எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். ஒரே நாளில் சொல்லிவிட மாட்டாள். சொல்லும்போது முதல் வார்த்தையிலேயே, "நீ ஏன் அப்பவே சொல்லலை?" என்று கேட்டுவிடாதீர்கள்.

அப்படி ஆபத்து எதுவும் அங்கே இல்லை என்று தெரிந்தால் பள்ளியை முழுக்க நிறுத்த வேண்டாம். வீட்டில் இருக்க இருக்கத் திரும்பிப் போவது கடினமாகும். வகுப்பாசிரியரிடம் பேசி அரை நாளில் தொடங்கலாம். மணிக்கொரு தரம் "வலிக்குதா?" என்று விசாரிக்காதீர்கள், கவனம் அங்கேயே போய் நிற்கும். சிபிடி எனப்படும் பேச்சுச் சிகிச்சை இந்த வகை வயிற்றுவலியைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, "வயித்துல ஒண்ணும் இல்லையாம், மனசுக்குத்தான் பார்க்கணுமாம்" என்று சொல்லாதீர்கள். தன்னை யாரும் நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வாள். "வலி நிஜம்தான். அதைக் குறைக்கத் தெரிஞ்ச இன்னொரு டாக்டரையும் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுவதையும் விட வேண்டாம். மாதம் ஒரு முறை எடையும் உயரமும் பார்த்துக் குறித்து வரட்டும். பழைய அறிக்கைகளை இருவரிடமும் கொண்டு போங்கள். அவர்கள் கேட்காமல் புதிதாக எந்த ஸ்கேனும் எடுக்காதீர்கள்.