ஊருணி வற்றும்போது

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுமுறைக்குக் கானாடுகாத்தான் வந்திருக்கும் என் மகள்வயிற்றுப் பேத்தி, "ஆயா, முதல் உயிர் எப்படி வந்தது?" என்று கேட்டாள். அவளுடைய பாடநூலில் மின்பொறி பாய்ச்சிய குடுவையின் படம் இருக்கிறது. அவள் காட்டிய காணொளிகளிலோ ஒருவர் கடலடி வெந்நீர் ஊற்று என்கிறார், ஒருவர் ஆர்.என்.ஏ. என்கிறார், இன்னொருவர் விண்கல் என்கிறார். அறிஞர்களே உடன்படாதபோது, "ஆண்டவன் படைத்தான்" என்று நான் சொல்லிவந்ததைவிட இது எவ்வகையில் மேல்? அவளுக்கு எதைச் சொல்வது?

ஒரு வாசகி, கானாடுகாத்தான்

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

உங்கள் நம்பிக்கையை எடைபோட எனக்கு உரிமையில்லை. அறிஞர்களின் கருத்து வேறுபாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட அனைவரும் ஒரே கேள்விக்கு விடை சொல்பவர்கள் அல்லர். விண்கல்லைப் பற்றிப் பேசுபவர் உயிருக்கு வேண்டிய சரக்கு எங்கிருந்து கிடைத்தது என்கிறார், ஆர்.என்.ஏ.வைப் பற்றிப் பேசுபவர் முதலில் வேலை செய்யத் தொடங்கிய மூலக்கூறு எது என்கிறார். இவை எந்த இடத்தில் நடந்தன என்பதில்தான் உண்மையான சண்டை இருக்கிறது.

சரக்கைப் பற்றிய கேள்வி ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. 1953 ஜனவரியில் நம் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி திறக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் சிகாகோவின் ஆராய்ச்சி மாணவர் ஸ்டான்லி மில்லர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றில் மின்பொறி பாய்ச்சி, புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்களைப் பெற்றதை வெளியிட்டார். பூமியின் தொடக்கக் காலக் காற்று அத்தகைய கலவையாக இருந்திருக்காது என்று பின்னர் வலுவான மறுப்பு எழுந்தது. ஆனால் 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் இருந்தன. அவை மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்டவை அல்ல, வானிலிருந்தே வந்தவை என்று காட்டிய குழுவின் தலைவர், இலங்கையின் காலியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்ற சிறில் பொன்னம்பெரும. உயிரே வேற்றுலகிலிருந்து வந்தது என்ற கருத்தை நான் ஒதுக்கிவிடுகிறேன், ஏனெனில் அது கேள்வியை வேறு ஊருக்கு மாற்றுகிறதே தவிர விடை தருவதில்லை.

ஆர்.என்.ஏ.வின் பக்கமும் வலுவானதுதான். மரபுக் குறிப்பைச் சுமக்கும் டி.என்.ஏ. தன்னைப் படியெடுக்கப் புரதம் வேண்டும், புரதம் உருவாக டி.என்.ஏ.வின் குறிப்பு வேண்டும் என்ற சிக்கலுக்கு, குறிப்பையும் சுமந்து வேதிவினையையும் நடத்தக்கூடிய ஆர்.என்.ஏ. ஒரு வழி காட்டியது. அதற்கு அத்திறன் உண்டு என்று கண்டறிந்த செக்கும் ஆல்ட்மனும் 1989இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்றும் நம் உடலில் புரதத்தைக் கோக்கும் ரைபோசோமின் நடுவில் கோக்கும் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ.தான். ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் என்பதையும் பேத்தியிடம் சொல்லுங்கள்.

இனி இடம். எல்லாச் சிக்கலும் நீரில் இருக்கிறது. நீரின்றி உயிர்வேதியியல் இல்லை. ஆனால் அமினோ அமிலங்களோ ஆர்.என்.ஏ.வின் கண்ணிகளோ ஒன்றோடொன்று இணையும் ஒவ்வொரு முறையும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும், சுற்றிலும் நீர் நிறைந்திருந்தால் அந்த இணைப்பு நிகழ்வது கடினம், நிகழ்ந்தாலும் நீரே அதை மெல்ல அறுத்துவிடும். ஆகவே ஒரு சாரார் குட்டைகளை நோக்கிப் போகிறார்கள். டார்வின் 1871இல் நண்பர் ஹுக்கருக்கு எழுதிய கடிதத்திலேயே வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டையைக் கற்பனை செய்திருந்தார். எரிமலைப் பகுதியின் வெந்நீர்க் குட்டை வற்றும்போது மூலக்கூறுகள் நெருங்கிச் சங்கிலிகளாகக் கோத்துக்கொள்ளும், நீர் திரும்ப நிறையும்போது கொழுப்புப் படலம் சிறு பைகளாக அவற்றை மூடிக்கொள்ளும் என்பது அமெரிக்க உயிர்வேதியியலர் டேவிட் டீமர் போன்றோரின் வாதம்.

கடலடி ஊற்றை ஆதரிப்போரின் மறுமொழி எளிதில் தள்ளக்கூடியது அன்று. இன்றைய உயிரணுவும் நீருக்குள்ளேதான் கண்ணிகளைக் கோக்கிறது, அதற்கு வேண்டியது வற்றுதல் அன்று, தொடர்ந்து கிடைக்கும் ஆற்றல் என்கிறார்கள். உயிரணுக்கள் அந்த ஆற்றலைப் தம் படலத்தின் இருபுறமும் உள்ள புரோட்டான் (நீருக்கு அமிலத்தன்மை தரும் துகள்) அளவின் வேறுபாட்டிலிருந்து எடுக்கின்றன. 2000இல் அட்லாண்டிக் கடலடியில் கண்டறியப்பட்ட 'லாஸ்ட் சிட்டி' போன்ற காரத்தன்மையுள்ள ஊற்றுகள், அமிலத்தன்மை கொண்டிருந்த பழைய கடலில் அந்த வேறுபாட்டை இயல்பாகவே தந்திருக்கும். கடலின் உப்பில் கொழுப்புப் பைகள் சிதைந்துவிடும் என்று எதிரணி சொன்னது. 2019இல் ஊற்றுப் பக்கத்து அறிஞர் நிக் லேனின் குழு, பலவகைக் கொழுப்பு அமிலங்களையும் ஆல்கஹால்களையும் கலந்தால் அத்தகைய நீரிலும் பைகள் உருவாகும் என்று செய்து காட்டியது.

நான் சாய்வது குட்டைகளின் பக்கம், ஏனெனில் கண்ணி கோக்கும் தடையை அங்கே வெயிலும் நீருமே தீர்த்துவைக்கின்றன. ஆனால் டீமர் தம் கலவையைக் ரஷ்யாவின் கம்சட்கா எரிமலைப் பகுதியின் உண்மையான வெந்நீர்க் குட்டை ஒன்றில் ஊற்றியபோது, அங்கிருந்த களிமண் அதை விரைவில் ஈர்த்துக்கொண்டது, எதிர்பார்த்த பைகள் உருவாகவில்லை. அவரே அதை எழுதி வெளியிட்டார். நீங்கள் கேட்ட வேறுபாட்டுக்கு நான் தரும் விடை இந்த நிகழ்ச்சிதான், ஆச்சி: தம் கருத்து எங்கே தோற்கும் என்று தேடிப் போய்ப் பார்ப்பதும், தோற்றதை மறைக்காமல் எதிரணியின் கையில் கொடுப்பதும் இந்தச் சண்டைக்குள்ளேயே இருக்கின்றன.

பேத்தி ஊர் திரும்புவதற்குள் ஒரு மாலையில் ஊருணிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். எரிமலைக் குட்டையின் சூடும் வேதியியலும் நம் ஊருணிக்குக் கிடையா. ஆயினும் நீர் இறங்க இறங்கக் கரையில் படிந்த கோடுகளையும், பாளம் பாளமாக வெடித்த சேற்றையும் காட்டி, நீரில் கரைந்திருந்தவை நீர் போன பின் எங்கே போகும் என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொல்லும் விடையை எனக்கு எழுதினால் மகிழ்வேன்.