‘சின்ன அணைதான்’ என்கிறார்கள். கரைக்குக் கீழே என் வீடு

கேள்வி: எங்கள் ஊரில் காட்டோடையை மறித்துக் கட்டிய பழைய மண் அணை ஒன்று உள்ளது. கரைக்குக் கீழே 300 மீட்டர் தொலைவில் என் வீட்டோடு சேர்த்து நாற்பது வீடுகள். கரையடியில் இரண்டு ஆண்டுகளாகக் கசிவு. போன மழையில் அந்தத் தண்ணீர் கலங்கலாக வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, ‘கரை தரைமட்டத்திலிருந்து 9.4 மீட்டர் உயரம், கொள்ளளவு 38 மில்லியன் கன அடி, இது சிறிய அணை, அணைப் பாதுகாப்புச் சட்டத்தில் வராது, நிலை திருப்திகரம்’ என்று பதில் வந்தது. அதோடு இணைத்த இன்னொரு தாளில் ‘ஆபத்து வகை: உயர்’ என்று இருக்கிறது. எதை நம்புவது? ஆயக்கட்டு (அணைத் தண்ணீரில் பாசனம் பெறும் நிலம்) விவசாயிகள், உபரி நீர் வெளியேறும் கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீர் தேக்குகிறார்கள். கரைச் சரிவில் நானும் நான்கு தென்னை வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: சட்டத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை. மண் கரையில் தெளிந்த நீர் கசிவது அபூர்வமில்லை. கலங்கல் வந்தால் கதை வேறு. உள்ளே மண் கரைந்து வெளியேறுகிறது, கரைக்குள் குழாய் போலத் துளை விழுந்துகொண்டிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். மறுபடி கலங்கல் கண்டால் மனு எழுத உட்காராதீர்கள். வட்டாட்சியருக்கும் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கும் போன் செய்துவிட்டு, குடும்பத்தோடு மேட்டுக்குப் போங்கள். போன் செய்த நேரத்தைக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

இனி அந்த இரண்டு தாள்கள். இரண்டுமே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆபத்து வகை என்பது அணையின் உடல்நிலையைச் சொல்வதல்ல. உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்வது. நேற்றுக் கட்டி முடித்த உறுதியான அணைக்கும், கீழே குடியிருப்பு இருந்தால் ‘உயர்’ என்றுதான் போடுவார்கள். இடிந்து கிடக்கும் கரையாக இருந்தாலும் கீழே வெறும் பொட்டல் என்றால் ‘குறைவு’. அணையில் ஒரு கூடை மண் கூட மாறாமல், கீழே மனை போட்டு விற்றாலே வகை ஏறிவிடும்.

உடல்நிலையைச் சொல்வது ஆய்வு அறிக்கை. அதில் குறைபாடுகளை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம்: உடைப்பு வரை கொண்டுபோகக் கூடியவை, உடனே சீர்செய்ய வேண்டிய பெரியவை, சில்லறைப் பழுதுகள். உங்களுக்கு வந்த பதிலில் எந்த வகை என்றும் இல்லை, ஆய்வு செய்த தேதியும் இல்லை, கரையை நேரில் பார்த்தவர் யார் என்றும் இல்லை. ‘திருப்திகரம்’ என்பது தரமதிப்பீடு அல்ல, கோப்பை மூடப் பயன்படும் சொல். என் அனுபவத்தில் அந்தச் சொல் வரும் இடத்தில் பெரும்பாலும் ஆய்வு அறிக்கை இருக்காது.

அடுத்து, சட்டத்தில் வராது என்ற வரி. இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30 முதல் நடப்பில் உள்ளது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகள் நேராக அதற்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை, சில நிபந்தனைகளில் ஒன்றைப் பூர்த்தி செய்தாலும் போதும். கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருப்பது ஒன்று. கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் இருப்பது இன்னொன்று. 38 மில்லியன் கன அடியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 10.76 லட்சம் கன மீட்டர் வருகிறது. கொள்ளளவில் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். மிச்சம் உயரம் மட்டும்தான்.

அவர்கள் சொல்லும் 9.4 மீட்டர், தரைமட்டத்திலிருந்து எடுத்தது. சட்டம் சொல்லும் உயரமோ, அடித்தளப் பரப்பின் மிகத் தாழ்ந்த பகுதியிலிருந்து கரையின் உச்சி வரை. ஓடையின் ஆழமான இடத்தில் மேல்மண்ணை வழித்து அடித்தளம் போட்டிருந்தால் இன்னும் 60 சென்டிமீட்டர் கிடைப்பது பெரிய காரியமில்லை. ஆகவே அடுத்த மனுவில் ‘அணை பாதுகாப்பானதா’ என்று கேட்காதீர்கள், மறுபடி ‘ஆம்’ என்றே வரும். ஏரி மெமாயர் (ஏரியின் அளவுகளைப் பதிந்து வைத்த பொறியியல் ஆவணம்), ஓடையின் குறுக்குவெட்டு வரைபடம், அடித்தள மட்டம், கரை உச்சி மட்டம், கடைசி மூன்று ஆய்வுக் குறிப்புகள் ஆகியவற்றின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது தகவல் உரிமைச் சட்டத்தின் 7(1) பிரிவு. கலங்கல் கசிவின் படத்தை இணைத்து அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

10 மீட்டர் நிரூபணமாகிவிட்டால் நிலைமை அடியோடு மாறும். மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயம். அவசரகாலச் செயல்திட்டமும், தனி நிபுணர் குழுவின் முழுமையான பாதுகாப்பு மதிப்பீடும் சட்டம் வந்த ஐந்து ஆண்டுக்குள் முடிய வேண்டும். மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பின் உத்தரவை மீறினால் 41-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, உயிர்ச்சேதம் நேர்ந்தால் இரண்டாண்டு வரை.

10 மீட்டர் வராவிட்டாலும் கைவிரிக்க வேண்டியதில்லை. ‘சிறிய அணை’ என்பதால் ஆபத்தும் சிறியது என்று ஆகிவிடாது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் 2019 ஜூலையில் உடைந்த திவரே அணை கொள்ளளவில் சிறியதுதான். ஏறத்தாழ 20 உயிர்கள் போயின.

உடைந்தால் நஷ்ட ஈடு கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை; கேட்டிருக்க வேண்டும். நம் பக்கத்து ஏரிச் சட்டத்தின் வேரே அங்கேதான் இருக்கிறது. கார்வேட்டிநகர் ஜமீன் ஏரிகள் உடைந்து ரயில் பாதையை அடித்துப்போன வழக்கில், ‘தண்ணீரைத் தேக்கியவரே எல்லாச் சேதத்துக்கும் பொறுப்பு’ என்ற இங்கிலாந்து விதியை ரயில்வே கம்பெனி காட்டியது. அன்றைக்கு லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1874-இல் அதை ஏற்கவில்லை. ஏரி இந்த நாட்டு மக்களுக்கு உயிர்நாடி, அதைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, அஜாக்கிரதை இருந்தால் மட்டுமே பொறுப்பு என்றது. ஆக, அஜாக்கிரதையைக் காட்டியாக வேண்டும். ஆனால் பஞ்சாபில் கால்வாய்க் கரை உடைந்த வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம், ஒழுங்காகப் பராமரித்த கரை தானாக உடையாது, உடைப்பே அஜாக்கிரதைக்குச் சாட்சி என்ற வழியில் அரசைப் பொறுப்பாக்கியது. இந்த இடத்தில்தான் ‘ஆபத்து வகை: உயர்’ என்ற தாளுக்கு மதிப்பு. கீழே உயிர்கள் இருப்பது எங்களுக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்தத் தாளை லேமினேட் செய்து வையுங்கள்.

மணல் மூட்டை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கலிங்கு என்பது வீணாகும் தண்ணீரின் வழி அல்ல, கரையின் உயிர். மண் கரை மேல் தண்ணீர் வழிந்தால் அறுத்துக்கொண்டு போய்விடும். இந்த அளவுள்ள சிறிய அணைகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் பொதுவாக எடுத்துக்கொள்வது, நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தை. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் 30 ஆண்டுக்குள் அப்படி ஒரு வெள்ளம் வர நூற்றுக்கு 26 வாய்ப்பு உண்டு. அதிலும் இரண்டு அடி மூட்டையை அடுக்கினால் அந்தக் கணக்கே செல்லாது. நீர்வழியின் தடையை அகற்றச் சொல்லி கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவில் மனுக் கொடுங்கள். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 133-தான் அது. மூட்டை அடுக்குபவர்கள் உங்கள் பங்காளிகளாகவும் இருக்கலாம். முதலில் ஊர்க் கூட்டத்தில் பேசிப் பாருங்கள், ஆனால் அடுத்த மழை வரை பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

தென்னையை நீங்களே எடுத்துவிடுங்கள். மரத்தின் வேர் கரைக்கு ஆகாது என்பது ஒருபுறம். மறுபுறம், நாளை வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் காட்டும் படம் அந்த நான்கு மரங்கள்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் காட்டுவேன். வேரைப் பிடுங்காதீர்கள், குழி விழும். எப்படி அப்புறப்படுத்துவது என்று பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் உரிமையாளர் யார் என்று தெரிய வேண்டும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். அவர்களுக்கும், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரான ஆட்சியருக்கும், மாநில அணைப் பாதுகாப்பு அமைப்புக்கும் ஒரே மனுவை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். உயரத்தை அடித்தளத்திலிருந்து அளக்க வேண்டும், கசிவைப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும், இந்த இரண்டு கோரிக்கை போதும். பதினைந்து நாளில் அசைவு இல்லையென்றால் அந்த ஒப்புகைகளோடு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். மனுவே கொடுக்காமல் நேராகப் போனால், போய் மனுக் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். நாற்பது வீட்டாரும் கையெழுத்துப் போடட்டும்.